ஒன்பது மணி நேரமும் இரண்டு நாளும்

அவள் விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஆனால் உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். சரியாகச் சொல்வாளா என்று மட்டும் கேட்கக் கூடாது. அதை அவளுடைய முதலாளியே கேட்டதில்லை.

பல் டாக்டர் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். கீழே யாரோ ஒருவரின் பல்லைக் குடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, மேலே ஆறு பேர் உட்கார்ந்து ஊருக்கு ஊர் தூரம் சொல்லும் இணையதளத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். முதலாளி வகுத்த சூத்திரம் ரொம்பச் சுலபம். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நேராக ஒரு கோடு போடு. கோட்டின் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகு. ஏறி இறங்க அரை மணி கூட்டு. அவ்வளவுதான், பயண நேரம் தயார். அந்தக் கோட்டின் மேல் நிஜமாகவே ஒரு விமானம் பறக்கிறதா என்பது விமானக் கம்பெனிக்காரன் தலைவலி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இதைப் பற்றி வாய் திறந்தாள்.

"சார், இந்த ரெண்டு ஊருக்கும் நேர் விமானமே கிடையாதே."

"நாம தூரம்தாம்மா சொல்றோம். கூட்டிட்டுப் போறோம்னா சொன்னோம்?" என்றார் முதலாளி. அதற்கு மேல் என்ன பேச முடியும்? மாசம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிற மனிதர்.

ஆபீஸில் அவளுக்கு வைத்த பேர் மைல்கல். நின்ற இடத்தை விட்டு நகராமல் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தூரம் சொல்கிற ஜன்மம் என்று அர்த்தம். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. இருப்பதைச் சொன்னால் என்ன கோபம்.

அவள் எழுதிய பக்கங்களை யார் படித்தார்களோ, எத்தனை பேர் நம்பிக் கெட்டார்களோ, தெரியாது. ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிரந்தரமாக ஒரு வாசகர் இருந்தார். அவள் அப்பா. அண்ணன் இருக்கும் ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்கிற பக்கம் அது. பயண நேரம் ஒன்பது மணி என்று அவள் கையாலேயே போட்டிருந்தாள். அப்பா அதைக் கடையில் கொடுத்து அச்செடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

அச்சில் வந்த நேரம் என்றால் அப்பாவுக்கு அது வேதவாக்கு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா. தாமதமாக வந்த டிரைவருக்கு அபராதம் போடுவதை எல்லா டைம் கீப்பரும் செய்வார்கள். இவர் முன்கூட்டியே வந்த டிரைவருக்கும் போடுவார். "உன் அவசரத்துக்கு நடுவழியில நிக்கிற ஜனம் என்ன பண்ணும்?" என்று கேட்பார். அந்தக் காலத்தில் அவரைச் சபிக்காத டிரைவர் கிடையாது. ஆனால் அந்த டிப்போவில் மட்டும் பஸ் நேரத்துக்குப் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மா போன பிறகு அப்பா தனிக்கட்டை. அவள் குடியிருந்தது ஊரின் இந்தக் கோடியில், ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. அப்பா வீடு அந்தக் கோடி. இரண்டு பஸ் மாறி, நெரிசலில் ஒற்றைக் காலில் நின்று, ஒன்றரை மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் அப்படிப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவாள். போனதும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "உங்கண்ணன் போன் பண்ணானா?"

அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவின் காரியத்துக்கு வந்ததோடு சரி. "ஒன்பது மணி நேரம்தானே, நினைச்சா வந்துடுவான்" என்று அப்பா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவன் நினைக்கத்தான் இல்லை.

இந்த நிலைமையில்தான் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்று கண்டுபிடித்தார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப் போட்டால் நான் பொறுப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அப்பாவோ டிப்போவில் உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து, "பெரியவன் வரட்டும். அவன் வந்தப்புறம் படுக்கறேன்" என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டார்கள்.

"அப்பா, புரிஞ்சுக்கோங்க. எனக்கு ஆறு நாள்தான் லீவ் தருவாங்க. மூணு விமானம் மாறி வரணும். வர ரெண்டு நாள், போக ரெண்டு நாள். வருஷக் கடைசியில நிம்மதியா வந்து பத்து நாள் இருக்கேனே."

"எது ரெண்டு நாள்?" என்றார் அப்பா. "ஒன்பது மணி நேரம்னு இங்க போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"உன் தங்கச்சி கம்பெனியில. அவளே எழுதினது."

"அவ கிடக்கறா. அது சும்மா கோடு போட்டு வகுக்கற கணக்குப்பா."

அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவ கிடக்கறா. கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தது.

அப்பா போனை வைத்துவிட்டு பிரிட்ஜ் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒன்பது மணி நேரத்தை ரெண்டு நாளாக்கறான். வர மனசில்லைன்னு நேராவே சொல்லியிருக்கலாம். யாருக்கு வேணும் இந்த வால்வு? ஓடற வரைக்கும் ஓடட்டும்."

அன்றிலிருந்து பிடிவாதம் தொடங்கியது. டாக்டர் பேரை எடுத்தாலே எழுந்து பின்பக்கம் போய்விடுவார். மாடிப்படி பாதி ஏறும்போதே மூச்சு வாங்கி நிற்பார், கேட்டால் படியை எண்ணிப் பார்த்தேன் என்பார். கீழ் வீட்டுத் தையல்காரர் வந்து கெஞ்சினார். அவள் அழுது பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலையாகத்தான் இருந்தது.

சரி, அண்ணன் சொல்வதுதான் உண்மை என்று அப்பாவுக்கு ஆதாரத்தோடு காட்டிவிடலாம் என்று தீர்மானித்தாள். நம் கம்பெனி புளுகுவதை நாமே ஒப்புக்கொண்டால் போயிற்று. மறுநாள் ஆபீஸில், முதலாளி பல் டாக்டரிடம் வாடகைச் சண்டை போடக் கீழே போன சமயம் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமான விமான நேரங்களைத் தேடிப் பார்த்தாள்.

ஒரே ஒரு இடத்தில் மாற வேண்டும். மொத்தம் பதினாறு மணி நேரம். தினமும் உண்டு.

இன்னொரு தரம் பார்த்தாள். வேறு விமானக் கம்பெனியில் பார்த்தாள். அங்கே பதினேழு. மூன்று விமானம் மாறி இரண்டு நாள் வர வேண்டுமென்றால், வேண்டுமென்றே தேடித் தேடி அலைந்தால்தான் உண்டு. அவளுக்குக் காது சிவந்தது. அவள் ஒன்பது என்று புளுகினாள் என்றால் அது வயிற்றுப்பாட்டுக்கு. இந்தத் துரை இரண்டு நாள் என்று புளுகியது எதற்காம்?

உடனே போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். எடுத்த கையோடு வைத்தும் விட்டாள். கேட்டு என்ன ஆகப் போகிறது? அவன் வேண்டா வெறுப்பாக வரும்வரை வால்வு காத்திருக்குமா? பதினாறு என்கிற உண்மை அப்பாவுக்குத் தெரிந்தால், பெரியவன் பொய் சொன்னான் என்பது உறுதியாகிவிடும். அப்புறம் டாக்டர் வீட்டுக்கே வந்தாலும் இவர் படுக்க மாட்டார்.

ஆகவே மைல்கல் ஒரு காரியம் செய்தாள். ஒன்பதை அழித்தாள். "நேர் விமானம் இல்லை. மூன்று விமானங்கள் மாற வேண்டும். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் இரண்டு நாள்" என்று எழுதினாள். அதோடு விட்டாளா? இரண்டாவது இடத்தில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும், உட்காரச் சரியான நாற்காலிகூடக் கிடையாது என்று கையிலிருந்து கொஞ்சம் சேர்த்தாள். பொய் எழுதுவது என்று ஆனபின் அதில் என்ன கஞ்சத்தனம். சூத்திரத்தை மீறி அவள் எழுதிய ஒரே பக்கம் அதுதான். அதைவிடச் சூத்திரமே மேல்.

அச்செடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் அப்பாவிடம் நீட்டினாள்.

"கம்பெனியில திருத்திட்டாங்கப்பா. பழசு தப்பு."

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நாற்காலி இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"ஏழு மணி நேரம் நின்னுக்கிட்டேவா இருக்கணும்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப அவன் பொய் சொல்லலை." குரல் இளகிவிட்டது. "நான்தான் கன்னாபின்னான்னு பேசிட்டேன். பாவம், எவ்வளவு தூரத்துல போய்க் கிடக்கான் புள்ள. ரெண்டு நாள் அலைஞ்சு வந்து அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? வேண்டாம். டாக்டர்கிட்ட நாள் கேளு."

பிரிட்ஜ் கதவில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உனக்கென்னம்மா, நீ பக்கத்துலயே இருக்கே" என்றார். பஸ்ஸில் நின்று வீங்கிய காலை அவள் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நல்லாயிருக்கார்."

"அப்பாடா. நான்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆகாதுன்னு."

"ஆமா, நீ சொன்னே. இன்னொண்ணும் சொன்னியே, ரெண்டு நாள். நான் பார்த்தேன். ஒரே இடத்துல மாறணும், பதினாறு மணி நேரம்."

அவன் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"உன் மானத்தைக் காப்பாத்த ரெண்டு நாள்னு எங்க கம்பெனிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். அதை நம்பித்தான் மனுஷன் படுத்தார். அவர் எழுந்து நடக்கற அன்னிக்கு நிஜத்தை எழுதிடுவேன். அதுக்குள்ள நீ வந்து நின்னா, எழுத வேண்டிய அவசியம் இருக்காது."

"மிரட்டறியா?"

"தகவல் சொல்றேன். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க."

மூன்றாவது வாரம் அண்ணன் வந்தான். பதினாறு மணி நேரத்தில் பத்து மணி நேரம் தூங்கிவிட்டு, சவரம் செய்துகொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி வாசலில் வந்து இறங்கினான். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு நாள் அலைஞ்சவன் மாதிரியே தெரியலையே."

அண்ணன் திருட்டு முழி முழித்தான். அவள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாள். காப்பாற்றுவதாக உத்தேசமில்லை.

"முகம் கழுவிட்டு வந்தேம்ப்பா. உள்ளுக்குள்ள ஒரே அசதி" என்றான், கொட்டாவி விட்டுக்கொண்டே.

வந்தது வினை. அந்த ஒரு கொட்டாவி போதும், அப்பா களத்தில் இறங்கிவிட்டார். தன் கட்டிலைக் காலி செய்து அவனைப் படுக்க வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். தையல்காரரிடம் போய் மிஷினை மெதுவாக மிதிக்கச் சொன்னார். அவள் சமையலறையில் ஒரு மூடியை நழுவவிட்டதற்கு, "கொஞ்சம் சத்தமில்லாம வேலை பாரேன், அவன் ரெண்டு நாளா நாற்காலி இல்லாம நின்னிருக்கான்" என்று கடிந்துகொண்டார். நெஞ்சைப் பிளந்து தைத்தது அப்பாவுக்கு, படுக்கை அண்ணனுக்கு. அண்ணனும் வேறு வழியின்றிப் பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடந்தான்.

மறுநாள் மத்தியானம் அப்பா நாள்காட்டியும் கையுமாக வந்தார்.

"உனக்கு லீவ் ஆறு நாள். வர ரெண்டு, போக ரெண்டு. மிச்சம் ரெண்டு. அது இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுது. கிளம்பு."

அண்ணனின் விமானம் நாளை மறுநாள்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிரிட்ஜ் கதவு எதிரிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"இன்னும் ஒரு நாள் இருந்துட்டு..." என்று இழுத்தான்.

"லேட்டாப் போய் வேலைக்கு உலை வச்சுக்காதே. என்னால உனக்குக் கெட்ட பேர் வேண்டாம்" என்றார் அப்பா. டாக்சி வந்து நின்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, புறப்பட்ட நேரத்தை மனசில் குறித்துக்கொண்டார். டாக்சி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றார். தெருமுனை திரும்பிய டாக்சி விமான நிலையத்துக்கா போகும்? நேராக அவள் வீட்டுக்குப் போயிற்று; சாவியை அவளே கொடுத்திருந்தாள்.

ஆக, அண்ணன் வானத்தில் பறந்துகொண்டிருக்கிறான் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் தங்கையின் ஒற்றை அறையில், காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற சோபாவில் முடங்கிக் கிடந்தான். மறுநாள் சனிக்கிழமை. மூன்று வாரமாக அவள் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டதால், அவரைத் தையல்காரர் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் அழுக்குத் துணிகளைத் துவைக்க வந்திருந்தாள்.

"சே, என்ன வீடு இது. கொசுவா கடிக்குது" என்றான் அண்ணன்.

"விமானத்துல கொசு இருக்காதே" என்றாள் அவள். "எந்த ஊருக்கு மேல பறந்துட்டிருக்கே?"

அப்போதுதான் போன் அடித்தது. அப்பா. அவளுக்குக் கையெல்லாம் சோப்பு நுரை. போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"இப்ப எங்கம்மா இருப்பான்?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சோபாவில் ரொட்டியை வாயில் வைத்தவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"ரெண்டாவது இடத்துல இருப்பாம்ப்பா."

"அந்த நாற்காலி இல்லாத இடமா?"

"ஆமாம்ப்பா."

"ஏதாவது சாப்பிட்டிருப்பானா?"

"சாப்பிட்டுட்டு இருப்பான்."

அப்பா போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப எனக்கு ரொம்ப பயமாயிருந்துச்சு. பெரியவனைப் பார்க்காமலே போயிடுவேனோன்னு. ஒன்பது மணி நேரம்னே நினைச்சிட்டிருந்திருந்தா, கடைசி நிமிஷம் வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்திருப்பேன். ரெண்டு நாள்னு தெரிஞ்சதால மனசைத் தேத்திக்கிட்டேன்."

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"வந்தான், சந்தோஷம்தான். ஆனா பேசவே இல்லம்மா அவன்கூட. அவன் தூங்கறப்ப பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவோ சொல்லணும்னு வச்சிருந்தேன். எழுப்பிடலாமான்னு ரெண்டு மூணு தடவை கையைக் கூட நீட்டினேன். அவ்வளவு தூரம் அலைஞ்சு வந்த புள்ளையை எப்படி எழுப்பறது? சரி விடு. போய்ச் சேர்ந்ததும் சொல்லு."

போன் அணைந்தது.

அண்ணன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். கண் இரண்டும் நிறைந்திருந்தது. அவளுக்கு அவன் மேல் மூன்று வருஷக் கோபம் இருந்தது, அது அப்படியேதான் இருந்தது. ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் தூங்கலை" என்றான். "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பக்கத்துல உட்கார்ந்திருக்கார்னு தெரியும். கண்ணைத் திறந்தா ஏதாவது உளறி மாட்டிப்பேனேன்னு..."

அவள் வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். யாரைக் குற்றம் சொல்வது? இரண்டு நாள் என்று சொன்னது அவன். அதை எழுதி, நாற்காலியைப் பிடுங்கியது இவள்.

அவன் எழுந்து செருப்பை மாட்டினான்.

"அப்பா வீட்டுக்கு இங்கேர்ந்து எவ்வளவு நேரம்?"

"டாக்சியில முக்கால் மணி. பஸ்ல ஒன்றரை மணி, ரெண்டு பஸ் மாறணும். நீ பஸ்லயே போ."

"பஸ்லயா?"

"போய்த்தான் பாரேன்."

அவன் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். அவள் மிச்சத் துணியைத் துவைத்துக் காயப் போட்டாள். கீழே தெருவில் வெயில் இறங்கியது. அப்பாவுக்கு அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே, காயப் போட்ட துணியையே மறுபடி பிழிந்தாள். இரண்டு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"உங்க கம்பெனிப் பக்கம் மறுபடியும் தப்பும்மா" என்றார் அப்பா. "போய்ச் சேரவே ரெண்டு நாள்னு போட்டிருக்கு. இவன் அதுக்குள்ள திரும்பியே வந்து நிக்கறான்."

"அப்பா, நான்..."

"திங்கட்கிழமை போய்த் திருத்து. அந்த நாற்காலி விஷயத்தையும் எடுத்துடு. படிச்சதிலேர்ந்து எனக்குக் கால் வலி."

"சரிப்பா."

"டிப்போவுல முன்னாடியே வர்ற வண்டிக்கும் நான் அபராதம் போடுவேன், தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா."

"இவனுக்குப் போடலை." பின்னால் அண்ணன் ஏதோ சொல்வதும், அப்பா அதற்குச் சிரிப்பதும் கேட்டது. "பஸ்ல நின்னுக்கிட்டே வந்தானாம். இதுலயா வாரத்துல மூணு நாள் தங்கச்சி வர்றான்னு கேக்கறான். நானும் இத்தனை நாள் அதைக் கேக்கலை. நாளைக்கு நீ டாக்சியில வந்துடும்மா, இவன் குடுப்பான். இப்ப போனை வை, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."